பைன் போன்சாய் ஆசை, வீடோ கோலாலம்பூரில்: நர்சரியில் எந்தக் கன்றை வாங்குவது?

நர்சரியில் ஒரு பைன் கன்று வாங்கி, வெட்டி, கம்பி கட்டி, போன்சாய் ஆக்க வேண்டும். எதை வாங்குவது என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் எல்லாருடைய மனதிலும் இருப்பது ஒரே படம்தான். வெடித்த தடித்த பட்டை, வளைந்த அடிமரம், அடுக்கடுக்காகப் படர்ந்த கரும்பச்சை ஊசிகள். அது ஜப்பானியக் கறுப்பு பைன். கேட்பவர் குடியிருப்பதோ செந்தூலில், கெப்போங்கில், அல்லது பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் பதினெட்டாவது மாடியில்.

தீபகற்ப மலேசியாவில் இயற்கையாக வளரும் பைன் இனம் ஒன்றுகூடக் கிடையாது. பக்கத்தில் சுமத்ராவில் மெர்குசி பைன் உண்டு. காகிதக்கூழுக்காக இங்கே கொண்டுவந்து நட்ட கரிபியன் பைனும் உண்டு. இரண்டுக்கும் வெப்பம் பழக்கம்தான். ஆனால் ஊசி 15 முதல் 20 செ.மீ. நீளம், ஒரு முழ உயர மரத்தில் அவ்வளவு நீள ஊசி இருந்தால் தலைகீழாக நிறுத்திய துடைப்பம் போலத்தான் தெரியும். கிறிஸ்மஸ் சமயத்தில் தொட்டியில் வரும் நார்ஃபோக் பைனையும் விட்டுவிடுங்கள். அதன் உச்சியை வெட்டினால் ஒழுங்கான புது உச்சி வராது, கிளைகளும் சக்கரம் சக்கரமாக ஒரே மட்டத்தில்தான் கிளம்பும். ஐந்து ஊசி கொண்ட ஜப்பானிய வெள்ளை பைன் மலைக்குளிரில் வளர்வது. நம் சமவெளிச் சூட்டுக்கு அதை இழுக்கவே வேண்டாம்.

இவற்றைக் கழித்தால் நான்கு மிஞ்சும்: கறுப்பு பைன், ஜூனிபர், சீனர்கள் ‘லோ ஹான் சோங்’ என்று வீட்டு வாசலில் வைக்கும் பொடோகார்பஸ், அப்புறம் நம் ரூ மரம், அதாவது சவுக்கு. கறுப்பு பைனைத் தவிர மற்ற மூன்றும் தாவரவியல்படி பைன் இல்லை. இருந்தாலும் பைன் மரத்தின் தோற்றத்தை இவற்றில் கொண்டுவர முடியும்.

## மரத்துக்கு முன்னால் வீட்டைப் பாருங்கள்

ஒப்பிடுவதற்கு நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல்கள் ஐந்து. நேர்வெயில் எத்தனை மணி நேரம் வேண்டும், குளிர்காலம் இல்லாமல் சமாளிக்குமா, வெட்டினால் எங்கே துளிர்க்கும், பார்க்கும்படியான மரமாக எத்தனை வருடம் ஆகும், விலைச்சீட்டில் எழுதாத செலவு என்ன. இவற்றில் முதலாவதைத்தான் எல்லாரும் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள்.

‘என் பால்கனியில் நல்ல வெளிச்சம்’ என்பது வேறு, நேர்வெயில் என்பது வேறு. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில் இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் பாதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. பினாங்கில் இந்தக் கணக்கு சில நாள் முன்பின் ஆகும். ஆகவே வடக்குப் பார்த்த பால்கனிக்கு வருடத்தில் ஆறு மாதம் நேர்வெயிலே இருக்காது. தெற்குப் பார்த்ததற்கு அடுத்த ஆறு மாதம் கிடையாது. வெயில் வரும் மாதங்களிலும் நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலையில் நிற்பதால் மேல்மாடித் தளம் அதை மறைத்துவிடும். கிழக்கு பார்த்த பால்கனிக்குத் தினமும் காலை வெயில் உறுதி. மேற்கும் பரவாயில்லை, ஆனால் மாலை இடிமழை மாதங்களில் இரண்டு மணிக்கே மேகம் மூடிவிடும். டெரஸ் வீட்டு (வரிசை வீட்டு) முன்வாசல், கார் நிறுத்தும் கூரைக்கு வெளியே என்றால் கவலையே இல்லை.

இரண்டாவது அளவுகோல், குளிர். இங்கே இரவு 24 பாகை செல்சியஸ், பகல் 33; ஜனவரியானாலும் ஜூலையானாலும் பெரிய மாற்றமில்லை. கோலாலம்பூரில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அரை மணி நேர வித்தியாசம்கூடக் கிடையாது. ஜப்பானிய நூல்களில் ‘வசந்தத்தில் இதைச் செய், இலையுதிர்காலத்தில் அதைச் செய்’ என்று இருப்பது எதுவும் நம் காலண்டரில் உட்காராது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த நான்கில் எதுவும் ஹால் மேசைக்கான மரம் இல்லை. ஏர்கான் அறையில் வைக்கத்தான் வேண்டும் என்றால் வேறு செடி பாருங்கள்.

| | கறுப்பு பைன் | ஜூனிபர் | பொடோகார்பஸ் | ரூ (சவுக்கு) |
|---|---|---|---|---|
| நேர்வெயில் | நாள் முழுக்க | ஐந்தாறு மணி | மூன்று நான்கு மணி போதும், அரை நிழலும் தாங்கும் | நாள் முழுக்க |
| சமவெளிச் சூடு | தாங்கும், தாளம் தப்பும் | தாங்கும் | பிரச்சினையில்லை | சொந்த ஊர் |
| தண்ணீர் | மண் சற்றுக் காய வேண்டும் | சற்றுக் காய வேண்டும் | சீரான ஈரம் | நிறைய |
| வெறுங்கட்டையில் துளிர்ப்பது | அரிது | கிட்டத்தட்ட இல்லை | நன்றாக வரும் | பச்சை விட்டு வெட்டினால் வரும் |
| உருவம் தெரிய | பத்து வருடம், அதற்கு மேலும் | இரண்டு மூன்று வருடம் | ஐந்து வருடம் போல | இரண்டு முதல் நான்கு வருடம் |
| கிடைப்பது | அரிது, விலை அதிகம் | எளிது | எளிது | எளிது, மலிவு |

வருடக் கணக்குகள் என் மதிப்பீடு. கட்டைவிரல் தடிமனுள்ள கன்றிலிருந்து தொடங்குவதாக வைத்துக்கொண்டு போட்டது.

## ஜப்பானியக் கறுப்பு பைன்

போன்சாய் உலகத்தின் பெரியவர் இதுதான், அதில் சந்தேகமில்லை. ஜப்பான், தென்கொரியக் கடற்கரைகளில் உப்புக்காற்றை வாங்கிக்கொண்டு நிற்கும் மரம் என்பதால் வெயிலும் காற்றும் இதற்குப் பொருட்டில்லை. இங்கே வந்த உடனே செத்துப்போகும் என்பதும் சரியில்லை. வைத்துப் பராமரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

சிக்கல் வேறு இடத்தில். ஊசியைச் சிறிதாக்கும் வித்தை முழுவதும் பருவத்தை நம்பி இருக்கிறது. வசந்தத்தில் நிமிர்ந்து வரும் துளிருக்கு மெழுகுவர்த்தி என்று பெயர். அதை ஜூன், ஜூலை வாக்கில் அடியோடு வெட்டுவார்கள். மரம் இரண்டாவது முறை துளிர்க்கும். அந்தத் துளிர் நீள்வதற்குள் குளிர் வந்து நிறுத்திவிடும், ஊசி குட்டையாகவே நின்றுவிடும். கோலாலம்பூரில் நிறுத்துவதற்கு யாரும் இல்லை. ஒரு கிளை துளிர்க்கும்போது இன்னொன்று தூங்கும். மூன்றாவது கிளை ஏற்கெனவே நீண்டு முடித்திருக்கும். மாதம் பார்த்து வேலை செய்ய முடியாது, ஒவ்வொரு கிளையையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். அதற்குக் கண் பழக வேண்டும், கண் பழகுவதற்கு முன்னால் இரண்டு மரமாவது போய்விடும்.

அப்புறம் ஈரம். வருடத்துக்குச் சுமார் 2,500 மி.மீ. மழை பெய்யும் ஊரில் அடர்த்தியான ஊசிக்கொத்துக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சை வரும், ஊசியில் மஞ்சளும் பழுப்புமாகப் பட்டை விழும். மழை மறைக்கும் கண்ணாடிக் கூரையும் காற்றோட்டமும் வேண்டும். வெயிலை மறைக்காமல் மழையை மட்டும் மறைக்கும் இடம் எத்தனை வீட்டில் இருக்கிறது?

வெட்டும்போது பிழைக்கு இடமே கிடையாது. பச்சை ஊசி இல்லாத பகுதி வரை கிளையை வெட்டினால் அந்தக் கிளை முடிந்தது. மண் மாற்றும்போது வேரை முழுக்கக் கழுவக் கூடாது. வேரோடு ஒட்டி வெள்ளையாகத் தெரியும் பூஞ்சை நோய் இல்லை, வேருக்குத் துணை. பழைய மண்ணில் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும்.

யாருக்குப் பொருந்தும்? கேமரன் மலையில், தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் வீடோ கடையோ இருப்பவர்களுக்கு. 1,400 மீட்டருக்கு மேலே இரவு குளிர்வதால் அங்கே வேலை எளிது. சமவெளியில் என்றால், ஏற்கெனவே வேறு மரங்களை நாலைந்து வருடம் உயிரோடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும். முதல் மரமாக வேண்டவே வேண்டாம்.

## ஜூனிபர்

பெரும்பாலோர் கடைசியில் வாங்குவது இதைத்தான். கம்பிக்கு இவ்வளவு பணிந்து போகும் மரம் வேறில்லை. கட்டைவிரல் தடிமனான அடிமரத்தைக்கூட ஈரமான ராஃபியா நாரைச் சுற்றிக் கட்டிவிட்டு மெதுவாக முறுக்கி வளைக்கலாம். ஒரு பிற்பகலில் நர்சரிக் கன்று மரமாக மாறி நிற்கும். அந்த மயக்கத்தில்தான் அளவுக்கு மீறி வெட்டி விடுகிறார்கள்.

ஜூனிபர் தன் பலத்தை இலையில் வைத்திருக்கிறது. ஒரே நாளில் பாதிக்கு மேல் பச்சையை எடுத்துவிட்டு, வேரையும் வெட்டி, தட்டையான தொட்டிக்கும் மாற்றினால் அது சாகும். செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும் என்பதால் எப்போது செத்தது என்றே தெரியாது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்போம். இலையின் மினுமினுப்புப் போய்ச் சாம்பல் படிந்த மாதிரி ஆனால் சந்தேகப்படுங்கள்.

நம் நர்சரிகளில் அதிகம் இருப்பது கைசுக்கா வகை. வீட்டு வாசலுக்காகச் சுருள் சுருளாக, உருண்டை உருண்டையாக வெட்டி வைத்திருப்பார்கள். அந்த உருண்டைக்குள் விரலை விட்டுப் பாருங்கள்: வெளியே ஒரு விரற்கடை பச்சை, உள்ளே வெறும் குச்சி. வெளிச்சம் புகாமல் உள்ளிலை எல்லாம் செத்திருக்கும். வெறுங்குச்சியில் ஜூனிபர் துளிர்க்காது என்பதால் அப்படிப்பட்ட மரத்தைச் சிறிதாக்கவே முடியாது. மூலையில் கவனிப்பாரற்று, வெட்டப்படாமல், அடிக்கிளையோடு கிடக்கும் சின்னக் கன்றே மேல். ஷிம்பாகு வகை கிடைத்தால் இன்னும் நல்லது, இலை நுணுக்கமாக இருக்கும். போன்சாய் வளர்ப்பவர்களிடம்தான் கிடைக்கும், விலையும் ஏறும்.

பலமாக வெட்டினால் செதில் இலை போய் முள்போன்ற குழந்தை இலை வரும். பயப்பட வேண்டாம், வருடம் போகப் போக மாறும். செம்பேன் கவலைப்பட வேண்டிய விஷயம். கிளைக்குக் கீழே வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் செம்பேன்தான். மழை படாத உயரமான பால்கனியில் இது அதிகம். தினமும் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் பீய்ச்சினாலே பெரும்பாலும் அடங்கும்.

கிளையை உரித்து வெள்ளை எலும்பாக்கும் அலங்காரமும் ஜூனிபரின் கவர்ச்சி. நம் மழையில் அது சீக்கிரம் உளுத்துப்போகும். சுண்ணாம்பு கந்தகக் கரைசலை வருடம் தவறாமல் பூச வேண்டும். ஆசைக்கு ஒரு கிளையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

யாருக்கு: கிழக்கோ மேற்கோ பார்த்த பால்கனி, சீக்கிரம் உருவம் பார்க்கும் ஆசை, கத்தரியைக் கீழே வைக்கத் தெரிந்த கை.

## பொடோகார்பஸ்

இதில் சொல்வதற்குக் குறைவு, ஏனென்றால் தொல்லையும் குறைவு. இலை ஊசியாக இருக்காது, தட்டையான நீள இலை. அதனால் ‘இது பைன் மாதிரியே இல்லையே’ என்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நிழலுருவம் பைன்தான். சிற்றிலை வகையாகத் தேடி வாங்குங்கள். பெரிய இலை வகை வேலிக்குத்தான் நன்றாக இருக்கும்.

அரை நிழலைத் தாங்குவது நான்கில் இது ஒன்றுதான். வெறுங்கட்டையிலும் துளிர்க்கும், ஆகவே வெட்டில் செய்த தப்பை மரமே மன்னிக்கும். வேரைத் தோண்டும்போது சின்னச் சின்ன முடிச்சுகள் தெரிந்தால் நோய் என்று பதற வேண்டாம், அது இதன் இயல்பு.

பொறுமைதான் விலை. வளர்ச்சி மெதுவு, கிளை வில்லாகத் திமிறும். கம்பியை எடுத்ததும் பாதி வளைவு திரும்பிப் போய்விடும், இரண்டு மூன்று முறை கட்ட வேண்டியிருக்கும். கன்று எவ்வளவு தடியோ கிட்டத்தட்ட அவ்வளவு தடியில்தான் வருடக்கணக்கில் பார்ப்பீர்கள். அதனால் இதில் மட்டும் காசு கொஞ்சம் கூடப் போனாலும் தடித்த அடிமரமாக வாங்குவதே கெட்டிக்காரத்தனம். சீனப்புத்தாண்டுக்கு முன்னால் விலை ஏறும், பண்டிகை முடிந்து ஒரு மாதம் கழித்துப் போங்கள். செதில்பூச்சியும் மாவுப்பூச்சியும் வரும், எறும்பு வரிசையாக ஏறினால் அதுதான் அறிகுறி.

## ரூ மரம்

என் ஓட்டு இதற்குத்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஜப்பான் கடற்கரையில் கறுப்பு பைன் என்ன வேலை செய்கிறதோ அதே வேலையை நம் கடற்கரையில் ரூ செய்கிறது: மணலில் வேர் ஊன்றி, உப்புக்காற்றைத் தடுத்து, காற்று தள்ளும் பக்கம் சாய்ந்து நிற்கிறது. பினாங்கில் தஞ்சோங் பூங்காவிலிருந்து பத்து ஃபிரிங்கி வரை கடலோரமாகப் போனால் போன்சாய் நூலில் வரும் சாய்வுகள் பலவற்றை முழு அளவில் பார்க்கலாம். ஜப்பானியர் தங்கள் கரையையும் மலையையும் பார்த்து அந்த வடிவங்களைத் தொட்டியில் கொண்டுவந்தார்கள். நமக்குப் பார்த்து வரைய நம் கரை இருக்கிறது.

தமிழ்நாட்டில் பந்தல்காலுக்கும் விறகுக்கும் நடும் அதே சவுக்குதான் இது. அதனால்தானோ என்னவோ நம்மவர்களுக்கு இதன் மேல் மரியாதை குறைவு. இந்தோனேசியாவில் மதுரா தீவின் கடற்கரைச் சவுக்கை ‘செமாரா உடாங்’ என்று பெயர் சொல்லித் தேடி வாங்கி போன்சாய் ஆக்குகிறார்கள்.

ஊசி என்று நாம் நினைப்பது இலை இல்லை, பச்சைக் குச்சி. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கணுக்கணுவாக இருக்கும், ஒவ்வொரு கணுவையும் சுற்றி ஆறு முதல் எட்டு நுண்ணிய பற்கள் தெரியும். அந்தப் பற்கள்தான் இலை. இழுத்தால் கணுவில் ‘டக்’கென்று கழன்று வரும். இதை விளையாட்டாகச் செய்யாத கடற்கரைப் பிள்ளை இருக்க முடியாது. போன்சாய் வேலையும் அதுவேதான்: கத்தரியால் நுனியை வெட்டினால் பழுப்பாகக் காயும், விரலால் கணுவில் கிள்ளி எடுத்தால் அடையாளமே இருக்காது. வாரம் ஒருமுறை, மாலை டீ குடித்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை.

நர்சரிப் பையில் வரும் கன்று பெரும்பாலும் ஆள் உயரம் இருக்கும், குச்சியாக. கொண்டுவந்ததும் வெட்டாதீர்கள். ஒரு மாதம் முழுவெயிலில் வைத்துப் பழக்குங்கள். பிறகு அடியிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் நல்ல பச்சையோடு கிளம்பும் கிளை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்குச் சற்று மேலே அடிமரத்தை வெட்டுங்கள். அந்தக் கிளையைக் கம்பி கட்டி நிமிர்த்தினால் அதுவே புது உச்சி. அடியில் தடிப்பு, மேலே மெலிவு என்ற இறக்கம் இப்படித்தான் வரும். மொட்டைக் கட்டையாக வெட்டினால் துளிர்க்கலாம், துளிர்க்காமலும் போகலாம். பச்சை கொஞ்சம் விட்டு வெட்டினால் பயமில்லை. அடிக்கிளைகள் இரண்டை வெட்டாமல் தாறுமாறாக ஓடவிடுங்கள், அடிமரம் சீக்கிரம் தடிக்கும், பிறகு எடுத்துவிடலாம்.

கம்பி, கிளைத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, அலுமினியம். இங்கேதான் கவனம். குளிர்நாட்டில் ஒரு பருவம் முழுக்க விடும் கம்பி நம் ஊரில் ஒன்றரை மாதத்திலேயே பட்டைக்குள் இறங்கும். சனிக்கிழமை தோறும் பாருங்கள். பட்டை கம்பியின் இரு பக்கமும் புடைக்கத் தொடங்கியதும் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள், சுழற்றிக் கழற்றினால் கிளை ஒடியும்.

உரம் அதிகம் வேண்டாம். இதன் வேர் முடிச்சில் இருக்கும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலிருந்தே நைட்ரஜன் பிடித்துக் கொடுக்கும். தொட்டி மாற்றும்போது பழைய மண்ணில் ஒரு கைப்பிடி சேர்த்தால் அதுவும் கூடவே வரும்.

குறை இல்லாமல் இல்லை. நிழலில் கிளை கிளையாகச் செத்துப்போகும். சின்னத் தொட்டியில் ஒருநாள் தண்ணீர் தப்பினாலே நுனி காயும், இரண்டு நாள் தப்பினால் மரமே போகலாம். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறண்ட நாட்களில் காலையும் மாலையும் ஊற்ற வேண்டும். கிள்ளுவதை மூன்று மாதம் மறந்தால் உருவம் கலைந்துவிடும். பட்டையும் பைன் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்காது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, சிலருக்குத் தெரியும்.

கடற்கரையில் கிடக்கும் முறுக்கு மரத்தைத் தோண்டி எடுக்கும் எண்ணம் வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். 1984 தேசிய வனச் சட்டப்படி வனக்காப்பிலோ அரசு நிலத்திலோ உரிமம் இல்லாமல் மரம் எடுப்பது குற்றம். நர்சரியில் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு இந்தத் தலைவலி எதற்கு?

## விலைச்சீட்டில் எழுதாதவை

மண். அகடாமா ஜப்பானிலிருந்து வருவது. ரூ கன்றுக்கு அதை வாங்கினால் மண் விலை மரத்தின் விலையைத் தாண்டும். சலித்த கரடு ஆற்றுமணல், எரிமலைக்கல், உடைத்த செங்கல் ஆகியவற்றோடு கரித்துண்டு கொஞ்சம் சேர்த்தால் ஜூனிபருக்கும் ரூவுக்கும் போதும். தூளை மட்டும் சலித்துக் கொட்டுங்கள். நர்சரிப் பையில் வரும் களிமண் மழையில் சேறாகும், வெயிலில் கல்லாகும்.

தண்ணீர்த்தட்டு. ரூவுக்கு அடியில் தட்டு வைத்து நீர் நிறுத்தலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஏடிஸ் கொசுவுக்கும் அதே இடம்தான் வேண்டும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் புழுவைக் கண்டால் 500 வெள்ளி அபராதச் சீட்டு வரலாம். தட்டில் மணலை நிரப்பி, மணல் மட்டத்துக்குக் கீழே ஈரம் நிற்கும்படி வையுங்கள்.

கொண்டோ நிர்வாகம். கம்பித் தடுப்பின் மேல் தொட்டி வைக்கவும் கீழ்வீட்டுக்குத் தண்ணீர் சொட்டவும் பல இடங்களில் தடை உண்டு. மரம் வாங்கும் முன் ஜே.எம்.பி. (கட்டடத்தின் கூட்டு நிர்வாகக் குழு) விதியைப் படித்துவிடுங்கள்.

தீபாவளி. ஈப்போ, சுங்கை சிப்புட் என்று ஒரு வாரம் ஊருக்குப் போனால் யார் தண்ணீர் ஊற்றுவது? ஆள் இல்லையென்றால் ரூ வேண்டாம். பொடோகார்பஸ் பெரிய தொட்டியில், நிழலான மூலையில் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

ஜப்பானுக்கோ தைவானுக்கோ சுற்றுலா போய்ப் பெட்டியில் கன்று கொண்டுவரும் திட்டம் இருந்தால்: இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விமான நிலையத்தில் அதிகாரிகள் பிடுங்கிக்கொள்வார்கள்.

## நர்சரியில் நின்று பார்க்க வேண்டியது

கோலாலம்பூர்க்காரர்களுக்கு சுங்கை பூலோ நல்ல இடம். 1930-இல் தொழுநோயாளிகளுக்காகத் தொடங்கிய குடியிருப்பைச் சுற்றி, குணமானவர்கள் நடத்தத் தொடங்கிய நர்சரிகள் இன்றும் வரிசையாக இருக்கின்றன. தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) ‘போன்சாய்க்கு’ என்று சொல்லாதீர்கள், விலை உடனே மாறும். ‘பழைய கன்று, வளைந்தது, விற்காமல் கிடப்பது’ என்று கேளுங்கள்.

மண்ணை விரலால் இரண்டு அங்குலம் விலக்கிப் பாருங்கள். அடிமரம் விரிந்து வேர் நாலாபுறமும் ஓடினால் நல்லது. ஒரே வேர் கயிறாகச் சுற்றி அடிமரத்தை நெரித்தால் விட்டுவிடுங்கள். அடிக்கிளை பச்சையாக இருக்க வேண்டும், ஒரே இடத்தில் நாலு கிளை கிளம்பி முடிச்சாகியிருக்கக் கூடாது. உயரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். எப்படியும் வெட்டப்போகிறோம்.

## யாருக்கு எது

டெரஸ் வீடு, முழுவெயில், தினமும் வீட்டில் ஆள்: ரூ. இரண்டு கன்றாக வாங்குங்கள், ஒன்றில் தைரியமாக வெட்டிப் பழகலாம். வடக்கோ தெற்கோ பார்த்த கொண்டோ: பொடோகார்பஸ், வேறு யோசனையே வேண்டாம். கிழக்குப் பால்கனி, வளைத்து வடிவமைக்கும் இன்பம்தான் முக்கியம் என்றால் ஜூனிபர். பினாங்கில் கடலைப் பார்த்த உயர்மாடியில் உப்பும் காற்றும் அதிகம் என்றால் ரூ தாங்கும், ஆனால் காற்று தொட்டியைக் காயவைக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்க நீங்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயும் பொடோகார்பஸ்தான்.

கறுப்பு பைன் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒரு வருடம் கத்தரியை எடுக்காதீர்கள். அதிக வெயில் விழும் இடத்துக்கு மாற்றுங்கள், மழை படாமல் மேலே கண்ணாடித் தகடு போடுங்கள், பழைய பழுப்பு ஊசியை மட்டும் கையால் எடுங்கள். எந்தக் கிளை எப்போது துளிர்க்கிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். அந்தக் குறிப்புதான் அடுத்த வருடம் எங்கே வெட்டலாம் என்று சொல்லும்.

பேரங்காடியில் கூழாங்கல் ஒட்டிய தொட்டியில் குட்டி ஜூனிபர் வாங்கி, டிவி பக்கத்தில் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். முதலில் அந்த ஒட்டிய கல்லைப் பெயர்த்து எடுங்கள், தண்ணீர் மண்ணுக்குள் இறங்க விடாமல் தடுப்பது அதுதான். பிறகு நகத்தால் அடிமரப் பட்டையைக் கடுகளவு சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் இன்றைக்கே வெளியே கொண்டுபோய், ஒரு வாரம் இளவெயிலில் வைத்துப் பழக்குங்கள். பழுப்பு என்றால் தொட்டியைக் கழுவி வையுங்கள், ரூ கன்றுக்கு ஆகும்.